தலைக்குள் அடைபட்ட மடை



குற்றாலத்துல சாரல் விழுந்தா நாம எல்லாரும் அருவிக்கு ஓடுவோம். அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? சிற்றாறாக ஓடி, கால்வாய் வழியே குளத்துக்கு வந்து, மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. நம் தலைக்குள்ளும் இப்படி ஒரு நீரோட்டம் இருக்கிறது. அதை எனக்குக் கற்றுத் தந்தவன் என் சித்தி மகன்.

அவன் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1 கிலோ 100 கிராம். மூன்றாம் நாள் ஸ்கேன் பார்த்துவிட்டு, "மூளைக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா.

ஏன் கசிகிறது? கருவில் மூளை வளரும்போது, மூளை அறைகளின் ஓரத்தில் புது செல்கள் பிறக்கும் ஓர் இடம் உண்டு. அங்குள்ள இரத்தக் குழாய்கள் நூல் போல மெல்லியவை. 32 வாரத்துக்குப் பின் அந்த இடம் சுருங்கி மறைந்துவிடும். அதற்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு இரத்த ஓட்டம் கூடிக் குறைந்தாலே குழாய் உடையலாம். பெரும்பாலும் முதல் 3 நாட்களில்தான் இப்படி நடக்கும்.

இப்போது மடைக்கு வருவோம். மூளை அறைகளில் மூளைத்தண்டுவடத் திரவம் ஊறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. ஊறும். அது குறுகிய பாதை வழியாக வெளியேறி, மூளையைச் சுற்றி வந்து, இரத்தத்தில் கலக்கும். கசிந்த இரத்தம் கட்டியாகி அந்தப் பாதையை அடைக்கலாம். திரவத்தை உறிஞ்சும் இடங்களும் வீங்கித் தழும்பாகலாம். ஊற்று நிற்காது, மடையோ அடைபட்டுவிட்டது! அறைகள் வீங்கி மூளையை அழுத்தும். இதுதான் ஹைட்ரோசெபலஸ். சிறு கசிவு தானாகவே சரியாகிவிடும், பெருங்கசிவில்தான் ஆபத்து அதிகம்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கசிவு சில நாளில் நின்றுவிடும். நீர் தேங்குவதோ வாரக்கணக்கில் மெதுவாக நடக்கும். வீட்டுக்கு வந்தபின் வாராவாரம் சித்தி டேப் வைத்துத் தலையை அளப்பாள். நோட்டில் எழுதுவது என் வேலை. 32 செ.மீ., 33 செ.மீ. என்று போனது. அடுத்த வாரம் 35.3! ஆச்சி, "பெரிய தலை, கலெக்டர் ஆவான் பாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரம் சுமார் 1 செ.மீ. வளரலாம், 2 செ.மீ. தாண்டினால் உடனே வரணும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உச்சிக்குழியும் புடைத்திருந்தது. அன்றைக்கே பஸ் ஏறினோம்.

அவனுக்கு ஷன்ட் என்னும் மெல்லிய குழாய் வைத்தார்கள். அது தோலுக்கடியில் தலையிலிருந்து வயிறு வரை போகும். அழுத்தம் கூடினால் அதன் வால்வு திறந்து, நீர் வயிற்றுக்குள் வடியும். இந்த வால்வு நம் நாட்டிலேயே தயாராகிறது. உத்தரப்பிரதேசம் ஷாஜஹான்பூரில் செய்யப்படும் சாப்ரா ஷன்டை, விலை பல மடங்கு அதிகமான வெளிநாட்டு ஷன்டுடன் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டார்கள். 2005-இல் முடிவு வெளியானது. ஓராண்டு பலனில் பெரிய வேறுபாடு இல்லை!

ஷன்டும் அடைபடலாம். ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

வருமுன் காக்கவும் வழி உண்டு. குறைமாதத்தில் வலி வந்தால் தாய் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்துவதோடு, மூளைக் கசிவையும் குறைக்கும்.

தம்பிக்கு இப்போது 2 வயது. போன மாதம்தான் நடக்க ஆரம்பித்தான். கொஞ்சம் லேட்டுதான், ஆனா நடக்கிறான்! உங்கள் தெருவில் குறைமாதக் குழந்தை இருந்தால், ஒரு டேப்பும் நோட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.



– 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி