கோசாயிகுண்டம்: அவசரப்படாமல் ஏறும் முறை

நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள், 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோசாயிகுண்டம் ஏரி. ஆலகால விஷத்தை உண்ட சிவன், தொண்டை எரிச்சல் தாளாமல் திரிசூலத்தால் மலையைக் குத்த, பீறிட்ட நீரே ஏரியானது என்பது தலக்கதை. ஏரிக்குள் தெரியும் பாறையைப் பள்ளிகொண்ட சிவனாகவே பக்தர்கள் வணங்குகிறார்கள். பாட்டன் நகரத்துக் கும்பேசுவரர் கோயில் குளத்துக்கு இங்கிருந்து நிலத்தடியில் நீர் போகிறது என்றும் நம்பிக்கை உண்டு. ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில் பூணூல் மாற்றுவோரும், மேளம் கொட்டி வரும் ஜாங்க்ரி எனப்படும் சாமியாடிப் பூசாரிகளும் இங்கே கூடுகிறார்கள்.

ஆனால் திருவிழா நாள் நடைக்கு உகந்ததல்ல. மழை, அட்டைக்கடி, தங்குமிட நெருக்கடி எல்லாம் அப்போதுதான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும்; அடுத்தபடியாக ஏப்ரல், மே. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும்.

காத்மாண்டுவிலிருந்து துன்சே ஊருக்குப் பேருந்திலோ ஜீப்பிலோ போவதற்குள் பகல் பெரும்பாலும் கழிந்துவிடும். பூங்கா அனுமதிச் சீட்டு கட்டாயம். சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. வழிகாட்டி குறித்த விதிகள் 2023 ஏப்ரலில் இறுகின. புறப்படுமுன் நடப்பு விதியை விசாரிக்க வேண்டும்.

துன்சேயின் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். அடுத்த தங்கலான சந்தன்பாரி 3,330 மீட்டரில் இருக்கிறது. ஒரே நாளில் ஏறிவிடலாம். பலர் அப்படித்தான் ஏறுகிறார்கள். ஆனாலும் இடைவழியில் தேவ்ராலியில் ஓர் இரவு தங்குவது நல்லது. சந்தன்பாரியில் பழைய சிங் கோம்பா மடமும் பாலாடைக்கட்டித் தொழிற்கூடமும் உண்டு. அங்கே இரண்டு இரவு தங்கினால் நேரம் வீணாகாது. மூன்றாம் தங்கல் லவுரிபினா, சுமார் 3,900 மீட்டர். மரங்கள் கீழேயே நின்றுவிடுகின்றன; தெளிந்த காலையில் லாங்டாங், கணேஷ் சிகரங்களைக் காணலாம். அதற்கு மேல் சரிவை ஒட்டிய குறுகிய பாதை. சரஸ்வதி குண்டம், பைரவ குண்டம் ஆகியவற்றைத் தாண்டினால் கோசாயிகுண்டம்.

இப்பயணத்தில் அஞ்ச வேண்டியது பாதையை அல்ல, உயரத்தை. விரைந்து ஏறிவந்த யாத்திரிகர்களிடம் இந்த ஏரிக்கரையிலேயே நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், 68 விழுக்காட்டினரிடம் உயர மலை நோய் காணப்பட்டது. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. சந்தன்பாரியிலிருந்து லவுரிபினா இதைச் சற்றே மீறுவதால்தான் அந்த இரண்டாம் இரவு. தலைவலி, குமட்டல் வந்தால் மேலே போகாமல் அங்கேயே தங்க வேண்டும். கால் தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ நள்ளிரவானாலும் துணையோடு உடனே கீழே இறங்க வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்கலாம். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். விரதமிருந்து ஏறுவோரும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

கம்பளி உடை, மழைக்கோட்டு, பழகிய காலணி, ஊன்றுகோல் ஆகியவை போதும். ஊன்றுகோல் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்காலுக்கு உதவும்.

ஏரிக்கு அப்பால் 4,610 மீட்டர் லவுரிபினா கணவாயைக் கடந்து ஹெலம்பு பகுதி வழியாகவும் காத்மாண்டு திரும்பலாம். பனி கிடக்கும் மாதங்களில் அந்த வழி புதியவர்களுக்கு ஆகாது. வந்த வழியே துன்சேக்கு இறங்கிவிடுவதே சரி.