மீட்பும் ஒரு பாட்டும்



'மீட்பு' என்ற சொல்லை மறைக்கல்வி வகுப்பிலும் கேட்கிறோம், வீட்டிலும் கேட்கிறோம். பள்ளிக் கட்டணத்துக்காக அடகு வைத்த அம்மாவின் வளையலை அப்பா 'மீட்டு' வந்தார் என்கிறோம் அல்லவா? இரண்டும் ஒரே சொல்தான். பிறர் கையில் சிக்கியதை விலை கொடுத்துத் திரும்பப் பெறுவதே மீட்பு. பண்டைக் காலத்தில் அடிமைகளும் இவ்வாறு விலை கொடுத்து மீட்கப்பட்டார்கள்.

இச்சொல்லையே தலைப்பாகக் கொண்ட ஆங்கிலப் பாட்டு ஒன்று உண்டு. அது 'ரிடெம்ப்ஷன் சாங்'. பாடியவர் ஜமைக்கா நாட்டு பாப் மார்லி. 1980-இல் வெளியான 'அப்ரைசிங்' இசைத்தட்டின் கடைசிப் பாட்டு இது. பாப் இசை என்றாலே காதைப் பிளக்கும் கூச்சல் என்று எண்ணும் பெற்றோர் இதை ஒருமுறை கேட்க வேண்டும். ஒரு குரல், ஒரு கித்தார், அவ்வளவே.

பாட்டு அடிமைக் கப்பலில் தொடங்குகிறது. ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்ற கொடுமையை, தமக்கே நேர்ந்ததுபோல் மார்லி பாடுகிறார். அடுத்து விவிலியத்தின் சாயல் தெரிகிறது. உடன்பிறந்தோரால் குழியில் தள்ளப்பட்டு விற்கப்பட்ட யோசேப்புக்கு யாக்கோபு அளித்த ஆசியை (ஆதியாகமம், 49-ஆம் அதிகாரம்) அது நினைவூட்டுகிறது.

ஜமைக்காவின் அடிமைகள் 1838-இல் முழு விடுதலை பெற்றனர். ஆயினும் ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1937-இல், அந்நாட்டில் பிறந்த மார்கஸ் கார்வி என்ற தலைவர் கனடாவில் பேசும்போது, மனத்தின் அடிமைத்தனம் இன்னும் நீங்கவில்லை என்று வருந்தினார். விலங்கைச் சட்டம் அவிழ்த்துவிடும். 'நான் தாழ்ந்தவன்' என்ற எண்ணத்தை அவரவரே அவிழ்க்க வேண்டும். கார்வியின் இக்கருத்தையே மார்லி தம் பாட்டின் நடுவில் வைத்தார்.

மீட்பவர் ஆண்டவர் என்றுதானே படித்தோம், நம்மை நாமே விடுவிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மீட்டு வந்த வளையலை, 'இது இன்னும் அடகுக்கடைக்காரருடையது' என்று அஞ்சி அம்மா பெட்டியிலேயே பூட்டி வைத்தால் என்ன ஆகும்? அப்பா கொடுத்த விலை பொய்யாகிவிடாது. ஆனால் கை வெறுங்கையாகவே இருக்கும்.

மார்லிக்கு இது ஏட்டுப்பாடம் அன்று. தந்தை வெள்ளையர், தாய் கறுப்பினப் பெண். கலப்புப் பிறப்பு என்று இளமையில் ஏளனம் செய்யப்பட்டவர் அவர். 1977-இல் கால்விரலில் புற்றுநோய் கண்டது. 1981 மே 11 அன்று, 36-ஆம் வயதில் இறந்தார். அவர் வாழ்நாளில் வெளியான கடைசி இசைத்தட்டு 'அப்ரைசிங்'தான். அவர் ரஸ்தாஃபாரி சமயத்தவர். அவருடைய நம்பிக்கைகளும் பழக்கங்களும் எல்லாம் நமக்கு ஏற்றவை அல்ல. பாட்டு வேறு.

சென்ற ஆண்டு வகுப்புப் படம் எடுத்தபோது, 'நான் கறுப்பாக விழுவேன்' என்று பின்வரிசையில் ஒளிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் ஒருத்தி. இவ்வாண்டுப் படத்தில் முன்வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக அமர்ந்திருப்பவளைப் பாருங்கள்.