குடும்பப் புகைப்படமும் குழந்தைகளும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

எங்கள் வீடு ஓட்டப்பிடாரத்துக்கு அருகே கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. வீட்டு நடுச்சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. அது அவர் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படமன்று. அவர் காலமான பிறகு, வாக்காளர் அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறிவிட்டது. நம் நாட்டில் புகைப்படத்துடன் கூடிய வாக்காளர் அட்டை வரத் தொடங்கியது 1993இல். அந்த அட்டையும் இல்லாதிருந்தால் எங்கள் தாத்தாவின் முகம் எங்களிடம் இருந்திராது. அக்காள் மகளுக்கு ஐந்து வயது. ஒருநாள் அவள் அந்தப் படத்தைப் பார்த்து, "சித்தி, அந்தத் தாத்தா ஏன் மழைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்காக?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆச்சிக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது, அவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பிள்ளைகளுடன் ஒரு குடும்பப் படம் எடுத்துவிட வேண்டும் என்று அன்று நினைத்தேன். முதல் முறை தோற்றோம். இரண்டாம் முறை வெற்றி பெற்றோம். இடைப்பட்ட நாளில் நான் படித்தறிந்ததையும் பட்டறிந்ததையும் நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் முயற்சி

கடந்த தீபாவளிக்கு மறுநாள் எல்லோரும் பஸ் ஏறி நகரத்து ஸ்டுடியோ ஒன்றுக்குப் போனோம். போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. அக்காள் மகன் ஒன்றரை வயதுப் பிள்ளை. வழக்கமாக அவன் தூங்கும் நேரம் அது. மூத்தவளுக்குப் புதுப் பட்டுப்பாவாடையின் சரிகை இடுப்பில் குத்தியது. பளிச்சென்று ஃபிளாஷ் அடித்ததும் இளையவன் வீறிட்டான். அப்பா ஒரு பக்கம் கை தட்ட, அம்மா ஒரு பக்கம் கிலுகிலுப்பை ஆட்ட, அத்தான் விசிலடிக்க, பிள்ளை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இன்னும் அழுதான். ஸ்டுடியோக்காரர் பொறுமையாகத்தான் எடுத்தார். ஏற்பாடு இல்லாமல் போனது எங்கள் பிழையே.

படம் கைக்கு வந்த பிறகுதான் பெரிய குறை தெரிந்தது. படத்தில் ஆச்சி இல்லை. பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு அவர் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அழுகைச் சத்தத்தில் அவரைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்துப் படங்கள்

குழந்தைகளைப் படம் எடுப்பது புகைப்படக் கலை தோன்றிய நாளிலிருந்தே சிரமமான காரியமாக இருந்து வந்துள்ளது. 1839இல் பிரான்சில் டாகுவேர் தம் முறையை உலகுக்கு அறிவித்தபோது, ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஒளி விழ வேண்டியிருந்தது. ஆடாமல் இருப்பதற்காகப் பெரியவர்களின் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை நிறுத்துவார்கள். 1851இல் ஆர்ச்சர் கண்ட ஈரத்தகட்டு முறையில் அந்த நேரம் சில விநாடிகளாகக் குறைந்தது. ஆனால் கைக்குழந்தை சில விநாடி கூட அசையாமல் இருக்குமா? ஆகவே மேலைநாடுகளில் தாயார் நாற்காலியில் அமர்ந்து பிள்ளையை மடியில் பிடித்துக்கொள்ள, தாயை மட்டும் துணியால் முழுவதும் மூடிவிடுவார்கள். படத்தில் பிள்ளை இருக்கும். தாய் வெறும் துணி மூட்டையாகத் தெரிவாள். அத்தகைய படங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றைப் பற்றிப் படித்தபோது, செருப்புக்குக் காவல் இருந்த எங்கள் ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். பிள்ளையைத் தாங்குகிறவர் படத்தில் விடுபடுவது எந்த நாட்டிலும் நடக்கிறது போலும்!

1871இல் மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தகட்டு முறைக்கு வழிகாட்டினார். அதன்பின் வந்த தகடுகளில் விநாடியின் சிறு பகுதியிலேயே படம் எடுக்க முடிந்தது. குழந்தைகள் குழந்தைகளாகவே படத்தில் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

நம் வட்டாரத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரை எடுத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அக்காலத்தில் மனைவி செல்லம்மாளும் மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் உடனிருக்க எடுத்துக்கொண்ட படம் ஒன்று அந்தச் சிலவற்றுள் அடங்கும். அந்த ஒரு நாள் அவர்கள் அனைவரும் காமிரா முன் கூடியிராவிட்டால், கவிஞரைத் தகப்பனாராக நாம் கண்டிருக்க மாட்டோம். அதே புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியுடன், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிக் கணினியில் பதிந்து காத்துள்ளது. சாதாரணக் குடும்பங்களின் படங்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஒளியும் அசைவும்

இனி நம் பாடத்துக்கு வருவோம். பிள்ளை கையை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காமிராவின் கதவு 1/30 விநாடி திறந்திருந்தால், அந்த நேரத்தில் கை 3.3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் கலங்கும். 1/250 விநாடி மட்டும் திறந்திருந்தால் 4 மில்லிமீட்டரே நகரும். படம் தெளியும். குறைந்த நேரத்தில் போதிய ஒளி வேண்டுமானால் இடம் வெளிச்சமாக இருக்க வேண்டும். டியூப் லைட் எரியும் அறைக்குள் கைப்பேசி காமிரா அதிக நேரம் திறந்திருக்கும். பிள்ளைகளின் முகம் அங்கே கலங்குவதற்கு இதுவே காரணம்.

வெளிச்சம் என்றதும் வெயிலில் நிறுத்திவிடக் கூடாது. நேர்வெயிலில் கண் கூசும். உச்சி வெயிலில் கண்குழிகளில் நிழல் விழும். திறந்த வானம் தெரியும் நிழலே சிறந்தது. கரிசல் பூமிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. கறுப்பு மண் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. தரையிலிருந்து வெளிச்சம் திரும்பி வராததால் தாடைக்குக் கீழ் இருண்டு போகிறது. அமர்ந்திருப்பவர்களின் முன்னே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தால் போதும், முகம் தெளிந்துவிடும்.

மற்றொன்று கண் சிமிட்டல். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இயற்பியலாளரும் நிக் ஸ்வென்சன் என்பவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். இருபது பேருக்குக் குறைவான கூட்டமானால், ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் வரும் எண் அளவுக்காவது படம் எடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லாரும் கண் திறந்திருக்கும் படம் ஒன்று அநேகமாகக் கிடைக்கும். வெளிச்சம் குறைவானால் இரண்டால் வகுக்க வேண்டும். சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2006இல் இதற்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒன்பது பேர். கணக்குப்படி மூன்று படம் போதும். ஆனால் அக்கணக்கில் ஒன்றரை வயதுப் பிள்ளை எழுந்து ஓடுவது சேர்க்கப்படவில்லை!

முன்னேற்பாடுகள்

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு கீழ்க்கண்டவாறு ஏற்பாடு செய்தேன்.

முதலாவது, நேரம். நமக்குத் தோதான நேரத்தைப் பார்க்காமல், பிள்ளை தூங்கி விழித்து, வயிறு நிறைந்திருக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, உடை. புதுத்துணியை ஒருமுறை துவைத்து, ஒருநாள் உடுத்திப் பழக்க வேண்டும். குத்தும் சரிகையைவிட மெல்லிய பருத்திச் சட்டை மேல்.

மூன்றாவது, தின்பண்டம். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் காட்டி ஆசை மூட்டலாகாது. பாகு கன்னமெல்லாம் ஒட்டும். சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கடலை தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. மூத்த பிள்ளைக்குப் படம் முடிந்த பிறகு தரலாம்.

நான்காவது, அழைக்கும் குரல். காமிராவுக்கு நேர் பின்னால் நின்று ஒரே ஒருவர்தான் பிள்ளையை அழைக்க வேண்டும். பெரியவர்கள் என்ன நடந்தாலும் காமிராவையே பார்க்க வேண்டும். இல்லையேல் பிள்ளை காமிராவைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில், பெரியவர்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாவது, ஆட்களின் பட்டியல். யார் யார் படத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். என் பட்டியலில் முதற்பெயர் ஆச்சியுடையது.

பொங்கலன்று காலை

அக்காள் குடும்பம் பொங்கலுக்கு வந்திருந்தது. விடியலில் பொங்கல் வைத்து, பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்தபோது மணி எட்டு. வீட்டின் மேற்குப் பக்கம் நல்ல நிழல். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரே திரை. வெள்ளைச் சுவரைப் பார்த்துக் காமிரா ஏமாந்து முகங்களைக் கறுப்பாக்கிவிடாதபடி, கைப்பேசித் திரையில் ஆச்சி முகம் இருக்கும் இடத்தைத் தொட்டு ஒளியளவைச் சரி செய்தேன். படம் எடுக்கும் பொறுப்பை, பிள்ளைகளோடு தினமும் விளையாடும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு அவளை மண்டியிடச் சொன்னேன்.

எல்லாம் தயார். ஆச்சி மட்டும் வர மறுத்தார்.

"படம் புடிச்சா ஆயுசு கொறையும்பாக. எனக்கு மாலை போட இப்பவே அவசரமா தாயி?" என்றார்.

சுவரிலிருக்கும் தாத்தாவின் படத்தைத்தான் அவர் மனத்தில் வைத்துப் பேசினார் என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் படம் என்றாலே இறந்தவர்களுக்குரியது என்றாகிவிட்டதே! அறிவியல் பேசி அவரை வெல்ல முடியாது. "ஆச்சி, சின்னவன் உங்க மடியிலதான் அழாம இருப்பான். அவனுக்காக உக்காருங்க" என்றேன். பிள்ளையை மடியில் வைத்ததும் ஆச்சி முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

பதினான்கு படம் எடுத்தோம். பதினோராவது படத்தில் ஒன்பது பேர் கண்ணும் திறந்திருந்தன. சின்னவன் ஆச்சியின் பாம்படத்தைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்க்கிறான். ஆச்சி சிரிக்கிறார்.

முடிவுரை

கைப்பேசியில் ஆயிரம் படம் இருந்தும் கைப்பேசி பழுதானால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அப்படத்தை அச்சிட்டு, பின்பக்கம் எல்லாருடைய பெயரையும் நாளையும் பென்சிலால் எழுதினேன். வெயில் பட்டால் வண்ணம் வெளுக்குமாதலால், வெயில் படாத சுவரில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். ஆணி அடிக்கும்போது ஆச்சி, "மாலை போடாம மாட்டு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பலர் அப்படித்தான். நம்மைப் படிக்க வைத்த பெரியவர்கள் பலருக்கு அட்டைப் படத்தைத் தவிர வேறு படமில்லை. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த ஒரு காலை வேளையில், வெளியே பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டிருப்பவரை உள்ளே அழைத்து முதலில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இக்கட்டுரையை முடிக்கிறேன்.