மாயர் நாட்டிற் கோடைக் கல்வி

விடுமுறையில் அயல்நாடு சென்று, அந்நாட்டார் மனையில் உறைந்து, அவர்தம் மொழி பயின்று, அவர்க்குச் சிறு பணியும் ஆற்றி மீளுதல் இற்றைநாள் இளைஞர் கல்விமுறைகளுள் ஒன்று. வட அமெரிக்க மாணவர் பலர் இங்ஙனம் நாடிச் செல்லும் நாடு, நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா. ஸ்பானிய மொழி, ஊர்ப்பணி, மாயர் பண்பாடு ஆகிய மூன்றும் ஆண்டு ஒருங்கே கிடைக்கின்றன. இம்முறையின் பயனையும், அதன்கண் உள்ள இடரையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மொழிப் பயிற்சி

ஆன்டிகுவா, கெட்சால்தெனாங்கோ ஆகிய நகரங்களிலும், அதித்லான் ஏரிக்கரை ஊர்களிலும் ஸ்பானியப் பள்ளிகள் பல உள. ஓராசிரியர்க்கு ஒரு மாணவர் என்பதே அவற்றிற் பெருவழக்கு. காலையில் நான்கைந்து மணி நேரம் இருவரும் எதிரெதிர் அமர்ந்து உரையாடுவர். பின்னர், உண்ணும் மனையிலும் கடைத்தெருவிலும் அம்மொழியே வழங்குதலால், கற்றது மறவாது நிற்கும். ஜூன், ஜூலைத் திங்கள்கள் வந்தவர்க்குக் கோடை, அந்நாட்டார்க்கோ மழைக்காலம். அதனை அவர்கள் குளிர்காலம் என்றே வழங்குவர். ஆதலின், தம் நாட்டு அளவுகோலால் பிறநாட்டை அளத்தலாகாது என்பதே முதற்பாடமாய் அமைகின்றது.

தோழரை 'வோஸ்' என்றும், மதிக்கத்தக்காரை 'உஸ்தேத்' என்றும் விளித்தல் அந்நாட்டு வழக்கு. வினைமுற்றும் அதற்கேற்ப வேறுபடும். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை மழலையிலேயே அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆங்கிலம் ஒன்றே அறிந்தார்க்கு இது புதியதோர் ஒழுக்கப் பயிற்சியாகும்.

நிற்க. குவாத்தமாலாவில் மாயமொழிகள் 22 வழங்குகின்றன. கிச்சே, கக்சிக்கெல், மாம், கெக்சி என்பன அவற்றுட் பெரியன. 2003-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவற்றை நாட்டு மொழிகளாக ஏற்றது. எனவே, மாணவரை ஏற்கும் மாயக் குடும்பத்தார் பலர்க்கு ஸ்பானியம் தாய்மொழி அன்று. வென்றோரால் வந்து சேர்ந்த இரண்டாம் மொழியே. விருந்தினரும் மனையோரும் இருவர்க்கும் உரிமையல்லாத மொழியொன்றிற் சந்திக்கின்றனர். இதனையுணர்ந்த மாணவர், நன்றி கூறுதற்கேனும் அவ்வூர்ச் சொல்லைக் கற்பாராக. கிச்சேயர் அதனை 'மல்தியோஷ்' என்பர்.

மாயர் அறிவு

மாயர் இருபதின் அடிப்படையில் எண்ணினர். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி வடிவம் சுழியம். இம்மூன்று குறிகளால் எப்பேரெண்ணையும் எழுதினர். 260 நாள் கொண்ட சடங்குக் கணக்கும், 365 நாள் கொண்ட ஆண்டும் 52 ஆண்டுகட்கு ஒருமுறை ஒருங்கு தொடங்கும். 260 நாட் கணக்கை மலைநாட்டு மாயர் இன்றும் போற்றுகின்றனர்.

அவர்தம் அடுக்களையும் ஒரு பள்ளியே. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைத்தலே அவர் மரபு. அதனால் அத்தானியத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேரத்தக்கதாகின்றது. ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டுசென்றனர். அப்பெண்டிர் அறிந்த பக்குவத்தைக் கொண்டுசென்றிலர். அதனால், சோளமே உணவாகிய ஏழை மக்களைப் பெலாக்ரா என்னுங் கொடுநோய் வருத்தியது. பொருளை மட்டும் கொண்டு அறிவை விடுத்தல் எத்துணைத் தீங்காகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரு துறவியர்

முன்னாளில் மாயரிடஞ் சென்ற இரு துறவியரை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். தியேகோ தே லாந்தா என்பார் 1562-இல் யுகாத்தானிலுள்ள மானி என்னும் ஊரில் மாயருடைய மரப்பட்டை நூல்களைத் தீக்கிரையாக்கினார். அந்நூல்களுள் இன்று எஞ்சியன நான்கே. அவரே பின்னர் எழுதிவைத்த எழுத்துக் குறிப்பு, 1952-இல் யூரி க்னோரோசோவ் என்னும் ரஷ்ய அறிஞர் மாய எழுத்தைப் படிக்க வழிகண்டதற்குத் துணையாயிற்று. எனினும் எரிந்தவை மீண்டில.

மற்றையவர் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ். இவர் சிச்சிகாஸ்தெனாங்கோவிற் குருவாயிருந்த காலத்தில், 1701-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிச்சேயருடைய 'போபோல் வூ' என்னும் நூலைப் படியெடுத்தார். மூலத்தை ஒருபுறமும் ஸ்பானிய மொழிபெயர்ப்பை மறுபுறமுமாக எழுதினார். மாந்தர் சோளத்தால் ஆக்கப்பட்டனர் எனக் கூறும் அந்நூல் நமக்குக் கிடைத்தது அவர் படியினாலேயே. இருவரும் ஒரே சமயத்தைப் பரப்பச் சென்றவரே. ஒருவர் அறியுமுன் அழித்தார். மற்றவர் அறிதற்பொருட்டு மொழி கற்றார்.

பணி

இவ்வேறுபாடே இன்று செல்லும் மாணவர்க்கும் அளவுகோலாம். அவர்கள் புகைபோக்கியுடன் கூடிய அடுப்புக் கட்டவும், மரம் நடவும், சிறுவர்க்குப் பாடஞ் சொல்லவும் முற்படுகின்றனர். நோக்கம் நன்றே. ஆயினும், கொத்துவேலை அறியாத இளைஞர் கட்டுஞ் சுவரினும் உள்ளூர்க் கொத்தர் கட்டுஞ் சுவர் உறுதியுடையது. அவர்க்குக் கூலியும் ஆகும். மூன்று வாரத்திற் பிரியும் ஆசிரியர்மேல் அன்பு வைத்த குழந்தை, ஒவ்வொரு கோடையிலும் ஒரு பிரிவைத் தாங்குகின்றது. மேலும், 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர் என்று 1999-இல் உண்மையறி குழு கூறிற்று. முற்றும் அடையாளங் காணப்பட்டவருள் நூற்றுக்கு 83 பேர் மாயர். இதனை அறியாது அவ்வூர்களிற் புகுவோர், மூதாட்டியொருத்தியின் மௌனத்தை வெறுப்பென்று பிழைபடக் கொள்வர்.

ஆதலின், ஊரார் வேண்டிய பணியையே செய்தல், உள்ளூர்த் தொழிலாளர்க்குக் கீழ்நின்று உதவுதல், தாம் சென்றபின்னும் தொடரக்கூடியதையே தொடங்குதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. கொடுக்கச் சென்றவர் முதலிற் கற்கக் கடவர். கற்றபின் கொடுப்பது சிறிதாயினும் அது நிற்கும். நம்முள் எவரேனும் எந்நாட்டிற்காயினும், அடுத்த சிற்றூர்க்காயினும் தொண்டு செய்யப் புறப்படுங்கால், இதனை உளங்கொள்வாராக.