வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருக்கலாமா? கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை இல்லை. 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் வீட்டைச் செப்பனிடவே கடன் வாங்க வேண்டும். தூத்துக்குடிக் கரையில் கையில் காசு தீர்ந்துபோகும் நேரங்கள் இவை. அப்போதுதான் இந்தப் பேச்சு காதில் விழும்:

"அண்ணாச்சி, பத்திரம் சும்மா பேருக்குத்தான். வீட்டுல நீங்கதான் இருக்கப் போறீக. மாசா மாசம் வாடகை மட்டும் குடுங்க. பணம் வந்ததும் திருப்பி எழுதிக்கலாம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கையெழுத்துப் போட்டதும் நீங்கள் கடன்காரரா, வாடகைதாரரா? அதை முடிவு செய்வது இந்தப் பேச்சு இல்லை, நீங்கள் எழுதிக் கொடுக்கும் பத்திரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. வழிகாட்டி மதிப்புப்படி உங்கள் வீடு 15 லட்சம் ரூபாய். உங்களுக்குத் தேவை 5 லட்சம். பத்திரத்தில் 15 லட்சம் என்று எழுதி, கையில் 5 லட்சம் தருகிறார்கள். வாடகை மாதம் 10,000 ரூபாய்.

• 5 லட்சத்துக்கு மாதம் 10,000 என்றால் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். பெயர்தான் வாடகை.
• 3 ஆண்டு வாடகை: 3 லட்சத்து 60 ஆயிரம்.
• வீட்டைத் திரும்ப எழுதி வாங்குவதும் புதுக் கிரயம்தான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 15 லட்சத்துக்கு 1 லட்சத்து 35 ஆயிரம்.
• அசல் 5 லட்சத்தையும் சேர்த்தால் மொத்தம் 9 லட்சத்து 95 ஆயிரம்.

இது அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினால் ஆகும் செலவு. காப்பாற்றவில்லை என்றால் 15 லட்சம் வீடு 5 லட்சத்துக்குப் போய்விடும். வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லியும் கேஸ் போடலாம்.

எந்தப் பத்திரம், என்ன பொருள்?

• கிரயப் பத்திரம்: பதிவானதும் வீடு வாங்கியவருடையது. நீங்கள் அங்கே குடியிருப்பதால் மட்டும் உரிமை திரும்பி வராது.

• கிரயமும் தனியாக மறுவிற்பனை ஒப்பந்தமும்: திரும்ப வாங்கும் உரிமை உண்டு, ஆனால் கெடு தவறினால் சிக்கல். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்தால் போதாது.

• நிபந்தனைக் கிரய அடமானம்: "பணம் தந்தால் வீடு திரும்பும்" என்ற நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு சொல்வது இது. வேறு தாளில் எழுதினால் அது அடமானம் ஆகாது.

• ஒத்தி, சாதா அடமானம்: வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும். அடமானத்தை மீட்க வழக்குப் போட 30 ஆண்டு வரை காலம் உண்டு.

3 ஆண்டு எங்கே, 30 ஆண்டு எங்கே, பாருங்கள். தேவை கடன்தான் என்றால் கடன் பத்திரமே எழுதுங்கள்.

பதிவு அலுவலகத்தில் நடப்பது

சார்பதிவாளர் உங்களுக்குள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று விசாரிக்க மாட்டார். "பணம் முழுசா வந்துருச்சா?" என்ற கேள்விக்கு நீங்கள் தலையாட்டினால், 15 லட்சமும் வாங்கியதாகவே பதிவாகும். வராத பணத்தை வந்ததாகச் சொல்லாதீர்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. வங்கி வழியாக வாங்கினால் பிறகு அதுவே உங்களுக்குச் சாட்சி.

உண்மையாகவே விற்றுவிட்டு அங்கேயே இருக்க நினைத்தால்

பிள்ளைகள் வெளியூரில், வீடு பெரிது, தெருவை விட்டுப் போக மனசில்லை. இப்படி நல்ல விலைக்கு விற்றுவிட்டு வாடகைக்கு இருப்பதில் தப்பில்லை. இவற்றை மட்டும் உறுதி செய்யுங்கள்:

1. முழு விலையும் வங்கிக் கணக்கில் வந்த பிறகே கையெழுத்து.
2. கிரயம் பதிவாகும் அன்றே வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் தேவை.
3. எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏறும், பழுது யார் பார்ப்பது என்று தெளிவாக எழுதுங்கள்.
4. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, தூத்துக்குடி மாநகராட்சி போன்ற நகர்ப் பகுதிகளில் இந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கான அரசு இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம்.
5. வாங்கியவர் வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் உங்கள் வாடகைக் காலம் தொடரும் என்று ஒரு வரி சேருங்கள்.

வயது 60 தாண்டியவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2007 முதல் வங்கிகள் தரும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடனில் வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், மாதாமாதம் பணம் வரும். நீங்கள் இருக்கும் வரை குடியிருக்கலாம்.

பிரிட்டன் கற்ற பாடம்

2008 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பிரிட்டனிலும் பலர் வீட்டை மலிவாக விற்று அங்கேயே வாடகைக்கு இருந்தார்கள். சிலரைச் சீக்கிரமே காலி செய்யச் சொன்னார்கள். அதனால் குறைந்தது 5 ஆண்டு வாடகைக் காலம், யோசிக்க 14 நாள் என்று விதி வந்தது. அப்படியும் 2012-ல் கண்காணிப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, பெரும்பாலான ஒப்பந்தங்கள் மக்களுக்குப் பொருந்தாதவை எனத் தெரிந்தது. அந்தத் தொழிலே நின்றுபோனது. நம்மிடம் அந்த 14 நாள் விதி இல்லை. அந்த நாட்களை நீங்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?

மனம் தளர வேண்டாம். கடனுக்காகப் பெயரளவில் எழுதிய கிரயம் என்பதை வாய்மொழிச் சாட்சியம் கொண்டும் காட்டலாம் என்று கங்காபாய் எதிர் சபுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கீழ்க் கோர்ட்டில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது.

• பதிவுத்துறை இணையதளத்தில் இன்றே வில்லங்கம் பாருங்கள். வீடு கைமாறியிருக்கிறதா என்று தெரியும்.
• பணம் கட்டிய ரசீது, வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.
• கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று மிரட்டினால் 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தின் கீழ் போலீசில் புகார் தரலாம்.
• இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களும் பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் வருமான வரம்பு இல்லாமல் இந்த உதவியைப் பெறலாம்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், பத்திர நகலை முதலில் வாங்கி 15100-ல் கேட்டு, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். "நகல் எல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவரிடம் பத்திரம் எழுதவே வேண்டாம்.