பொது முகவரிப் பெட்டி: ஒரு இடத்தில் எழுதுவோம், எல்லோரும் பார்ப்போம்

கணினிப் பாடம்

கம்ப்யூட்டர் பாடம் என்றதும் "இது ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இந்த மாதப் பாடம் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் பற்றியது. அது யார் கையில் இருக்கிறது, யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்பதைப் பற்றியது.

முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறோம். நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் கணக்காளராக இருந்தவர் கல்யாணமாகி வெளியூர் போனார். நல்ல பெண், கணக்கில் ஒரு பைசா தவறாது. ஆனால் வங்கி, வட்டார அலுவலகம், குழு ஊக்குநர்கள் என்று எல்லார் ஈமெயில் முகவரியும் அவருடைய சொந்த ஈமெயில் கணக்கில்தான் இருந்தன. வங்கிக்கும் அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். அவர் போன பிறகு மூன்று குழுக்களின் கடன் விண்ணப்பத்தில் காகிதம் குறைகிறது என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அது போய்ச் சேர்ந்தது அவர் பெட்டிக்கு. அவர் பார்க்கவில்லை, நமக்கும் தெரியவில்லை. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கடன் வரும் என்று நம்பியிருந்தவர்களில் சிலர் தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்தார்கள். வங்கியைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பெண்ணையும் சொல்ல முடியாது. தப்பு எங்களுடையது.

யோசித்துப் பாருங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தை யாராவது தன் வீட்டுப் புத்தகமாக வைத்துக் கொள்வோமா? சேமிப்புப் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடுவோமா? முகவரியை மட்டும் அப்படித்தான் வைத்திருந்தோம். தலைவி போனில் கொஞ்சம், செயலாளர் நோட்டில் கொஞ்சம், கணக்காளர் ஈமெயிலில் கொஞ்சம். ஒரே ஊக்குநருக்கு மூன்று இடத்தில் மூன்று நம்பர், அதில் ரெண்டு பழசு.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. டைரக்டரி சர்வர் என்பார்கள். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எல்லா முகவரியையும் ஒரே கம்ப்யூட்டரில் எழுதி வைப்பது, மற்ற கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்டுப் பார்த்துக் கொள்வது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் நம்பரைத் திருத்தினால் எல்லா இடத்திலும் திருத்தின நம்பரே தெரியும். கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் உள்ள பொது முறைக்கு எல்டாப் என்று பெயர். 1993ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதற்கு முன்னால் 1988ல் வந்த எக்ஸ்.500 என்ற முறை சாதாரணக் கம்ப்யூட்டருக்குத் தாங்காத பாரமாக இருந்ததால், பாரம் குறைத்துச் செய்தது இது. பெரிய கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் இதைத்தான் வைத்திருக்கின்றன. நாமும் வைக்கலாம். ஓப்பன் எல்டாப் என்ற மென்பொருள் இலவசம், 1998லிருந்து இருக்கிறது.

ஆனால் ஒன்று. உங்கள் அலுவலகத்தில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் என்றால் இந்த வேலையே வேண்டாம். அலுவலகப் பெயரில் ஒரு ஈமெயில் கணக்கு, அதில் ஒரு முகவரிப் புத்தகம், பீரோவில் ஒரு நோட்டு போதும். நம்மிடம் மூன்று கம்ப்யூட்டர், வந்து போகிற ஊழியர்கள், மூன்று வருஷத்துக்கு ஒருதரம் மாறுகிற நிர்வாகிகள். அதனால் இறங்கினோம்.

எப்படிச் செய்தோம்?

ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டினோம். 2 ஜிபி நினைவகம் இருந்தது, இந்த வேலைக்கு அது தாராளம். நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவர், அதில் டெபியன் லினக்ஸும் ஓப்பன் எல்டாப்பும் போட்டுக் கொடுத்தார். அலுவலக ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு மாறாத எண் ஒன்று ஒதுக்கினார். வீட்டு எண் தினம் மாறினால் தபால்காரர் எப்படி வருவார்? அது மாதிரிதான். வெளி இன்டர்நெட்டிலிருந்து யாரும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் வர வழி வைக்கவில்லை. அலுவலகத்துக்குள் மட்டும்தான்.

முகவரிகளை உள்ளே எழுதும் முறை கடித உறை மாதிரியே. உறையில் முதலில் ஆள் பெயர், அப்புறம் தெரு, ஊர், மாவட்டம் என்று சின்னதிலிருந்து பெரிசுக்குப் போவோம் அல்லவா? எல்டாப்பிலும் ஆள், அவர் இருக்கும் கிளை, கடைசியில் நிறுவனம் என்றே எழுத வேண்டும். மரம் போல வேரும் கிளையும் உண்டு.

இங்கேதான் முதல் தப்புச் செய்தோம். ஊராட்சிக்கு ஒரு கிளை, அதற்குள் குழுவுக்கு ஒரு கிளை, அதற்குள் ஆட்கள் என்று அழகாகப் பிரித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் ஒரு ஊக்குநர் பக்கத்து ஊருக்குக் குடி போனார், இன்னொரு குழு ரெண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஆளையே பிடுங்கி வேறு கிளையில் நட வேண்டியதாயிற்று. பிறகு எல்லா ஆட்களையும் ஒரே கிளையில் போட்டு, குழுப் பெயரையும் ஊரையும் ஒவ்வொருவர் பதிவிலும் ஒரு விவரமாக எழுதினோம். இப்போது ஊர் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். நீங்கள் செய்வதாக இருந்தால் முதலிலேயே இப்படிச் செய்து விடுங்கள்.

இரண்டாவது சிக்கல் கேட்டால் சிரிப்பீர்கள். ஆளுக்கான பதிவில் முழுப்பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்டாப் ஏற்றுக் கொள்ளாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். அப்பா இனிஷியலா, வீட்டுக்காரர் இனிஷியலா என்று அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் அந்தக் கட்டத்திலும் அவரவர் பெயரையே திரும்ப எழுதி விட்டோம். ஒரு கெடுதலும் வரவில்லை.

பெயரில் இன்னொரு தொல்லை, நம் கூட்டமைப்பில் எத்தனை செல்வி, எத்தனை லட்சுமி! பெயரை வைத்தே பதிவைப் பிரித்தால் ஒரே பெயர் வந்து மோதும். அதனால் ஒவ்வொருவருக்கும் குழு எண்ணும் வரிசை எண்ணும் சேர்த்து ஒரு அடையாள எண் கொடுத்தோம். பெயர்க் கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் எழுத எல்டாப் இடம் கொடுக்கிறது. இது நமக்குப் பெரிய வசதி. தமிழில் லட்சுமி என்றும், ஆங்கிலத்தில் ஆதார் அட்டையில் உள்ளபடி ஒன்றும், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி ஒன்றும் எழுதி வைத்திருக்கிறோம். எந்த எழுத்தில் தேடினாலும் அதே ஆள் வருவார். ஈமெயில் முகவரிக் கட்டத்தில் மட்டும் ஆங்கில எழுத்துத்தான்.

ஈமெயில் அனுப்பும் கம்ப்யூட்டர்களில் தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் முகவரிப் புத்தகத்தில் புதிய எல்டாப் டைரக்டரி என்ற இடத்தில் சர்வரின் எண், மரத்தின் வேர் பெயர், நம் பயனர் பெயர் இவற்றைக் கொடுக்க வேண்டும். சாதாரணக் கதவு எண் 389. அதில் கடவுச்சொல் திறந்த தபால் அட்டை போலப் போகும். அதனால் பூட்டிய கதவான 636ஐ வைத்தோம். இதற்குச் சான்றிதழ் ஒன்று செய்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சேர்க்க வேண்டும், இதற்கே அரை நாள் போனது. பிறகு கடிதம் எழுதும்போது பெயரில் மூன்று எழுத்து அடித்தால் முகவரி தானாக வந்து நிற்கும். தண்டர்பேர்டிலிருந்து பார்க்கத்தான் முடியும், திருத்த முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான். திருத்துவதற்கு அப்பாச்சி டைரக்டரி ஸ்டுடியோ என்ற வேறு மென்பொருளை ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருக்கிறோம்.

யார் பார்க்கலாம்?

உறுப்பினர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒருமுறை எல்லா ஊக்குநர்களின் பெயரையும் செல் நம்பரையும் அச்செடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தோம், வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. யாரோ போனில் படம் பிடித்துக் கொண்டு போய் விட்டார்கள். ஒரு வாரத்தில் வட்டிக்குக் கொடுக்கிற ஆட்களின் போன் ஒவ்வொருவருக்காக வர ஆரம்பித்தது. ஒரு சகோதரிக்கு ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத ஆண் குரல். வீட்டில் சண்டை. "இந்த வேலையும் வேண்டாம், குழுவும் வேண்டாம்" என்று அவர் வீட்டுக்காரர் சொல்லி விட்டார். அவரைத் திரும்பக் கூட்டத்துக்கு வரவைக்க நாங்கள் நாலு தடவை நடந்தோம்.

கம்ப்யூட்டரில் வைத்தால் தானாகப் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. ஓப்பன் எல்டாப்பில் நாம் விதி எதுவும் எழுதாவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரை எட்டுகிற யார் வேண்டுமானாலும், கடவுச்சொல்லே இல்லாமல், எல்லா விவரத்தையும் படிக்கலாம். அலுவலக வைஃபை கடவுச்சொல் தெரிந்தவர் எல்லாம் பார்க்கலாம் என்று அர்த்தம். இது சுவரில் ஒட்டுவதை விட மோசம், ஏனென்றால் பார்த்தது தெரியவே தெரியாது. அதனால் முகவரிகளை ஏற்றுவதற்கு முன்பே விதிகளை எழுதினோம்.

முதல் விதி, செல் நம்பரைச் செயலாளரும் திருத்தும் பொறுப்புள்ள ஊழியரும் மட்டும் பார்க்கலாம். இரண்டாவது, பெயர், குழு, ஈமெயில் ஆகியவற்றை அலுவலக ஊழியர்கள் தங்கள் பயனர் பெயரில் நுழைந்து பார்க்கலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியக் கூடாது. இந்த விதிகளை சர்வர் மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துகிற விதியோடு நின்று விடும். நாங்கள் முதலில் வரிசையை மாற்றி எழுதி விட்டோம். ஊழியர் எல்லாம் பார்க்கலாம் என்ற விதி மேலே இருந்ததால் செல் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பெண் சாதாரண ஊழியர் பெயரில் நுழைந்து சோதித்துப் பார்த்ததால் பிழைத்தோம். குறிப்பான விதி மேலே, பொதுவான விதி கீழே. எழுதினபின் சோதிக்காமல் விடவே கூடாது.

ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பயனர் பெயர் உண்டு. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பயனர் பெயரை மட்டும் நீக்குகிறோம். முகவரிகள் இங்கேயே இருக்கும். வங்கிக்கும் வட்டார அலுவலகத்துக்கும் இப்போது ஆள் பெயரில் ஈமெயில் கொடுப்பதில்லை, கூட்டமைப்பின் பெயரில் உள்ளதைத்தான் கொடுக்கிறோம். அதை ரெண்டு பேர் தினமும் பார்க்கிறார்கள்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை சர்வரில் உள்ளதை ஸ்லாப்கேட் என்ற கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்து பென் டிரைவில் போட்டு பீரோவில் பூட்டுகிறோம். அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். கெட்டுப் போய்விட்டது என்று பதற வேண்டாம், அது எழுதி வைக்கும் முறை, திரும்ப ஏற்றினால் தமிழாகி விடும். கரண்ட் போய் சர்வர் நின்றாலும் கடிதம் அனுப்புவது நிற்காது. முகவரி தானாக வராது, கையால் அடிக்க வேண்டும். அதற்காக மாதம் ஒரு அச்சுப் பிரதி, செல் நம்பர் இல்லாமல், அதுவும் பீரோவில்.

2023ல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவர் விவரத்தை வாங்கி வைக்கும்போது எதற்கு என்று சொல்லி அவர் சம்மதம் கேட்பது அதன் அடிப்படை. சட்டம் இருக்கட்டும், அந்தச் சகோதரி வீட்டு வாசலில் நின்ற எங்களுக்கு அது முன்பே புரிந்து விட்டது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஊக்குநர்கள் குழுவுக்கு ஒரு விவரத் தாள் கொண்டு வர வேண்டும். தாளில் பெயர் தமிழில், பெயர் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி, குழு எண், ஊர், ஈமெயில் இருந்தால் ஈமெயில், செல் நம்பர் என்று ஆறு கட்டம் இருக்கும். கூட்டத்தில் படித்துக் காட்டி, யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, அவரவர் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். செல் நம்பர் கொடுக்க விருப்பமில்லாதவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், காரணம் கேட்க மாட்டோம். நம்பர் மாறினால் அலுவலகத்தில் நேரில் சொல்லுங்கள், அன்றைக்கே திருத்தி உங்களுக்குத் திரையில் காட்டுவோம்.