கணிப்பொறிக்குள் ஒரு சோதனைக் கணிப்பொறி

ஒரு பள்ளிக்கு 40 புதிய கணிப்பொறிகள் வந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் இயக்க முறைமையை நிறுவ வேண்டும்; பாடத்திற்கு உரிய மென்பொருள்களை ஏற்ற வேண்டும்; அச்சுப்பொறியை இணைக்க வேண்டும். ஒரு கணிப்பொறிக்கு 45 நிமிடம் என்றால் மொத்தம் 1,800 நிமிடம், அதாவது 30 மணி நேரம் ஆகும். இடையில் ஏதேனும் ஒன்றில் ஒரு படியை மறந்துவிட்டால், அது மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நிற்கும்.

இந்த வேலையைக் கணிப்பொறியிடமே ஒப்படைத்துவிடலாம். நிறுவும்போது இயக்க முறைமை சில கேள்விகள் கேட்கிறது. எந்த மொழி? வட்டை எப்படிப் பிரிப்பது? பயனரின் பெயர் என்ன? இவற்றுக்கான பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்தால் போதும். இதனை விடைக்கோப்பு எனலாம். ரெட் ஹேட் லினக்ஸில் இதற்குக் கிக்ஸ்டார்ட் என்று பெயர். டெபியன் லினக்ஸில் பிரீசீட் என்று பெயர். விண்டோஸிலும் இத்தகைய கோப்பு உண்டு. மின்சாரம் கொடுத்ததும் கணிப்பொறி வலைப்பின்னல் வழியாக நிறுவல் நிரலைப் பெற்று, விடைக்கோப்பைப் படித்து, தானே எல்லாவற்றையும் செய்து முடிக்கும்.

பிழையும் பெருகும்

ஆனால் ஓர் ஆபத்தும் இதில் உண்டு. கையால் செய்யும் பிழை ஒரு கணிப்பொறியோடு நிற்கும். தானியங்கு முறையில் செய்யும் பிழை எல்லாக் கணிப்பொறிகளுக்கும் போய்ச் சேரும்.

2024 ஜூலை 19 அன்று நடந்ததை நோக்குங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. 20 மதிப்புகளே தரப்பட்ட இடத்தில், 21-ஆவது மதிப்பைத் தேடும்படி அக்கோப்பு செய்தது. தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்ற மென்பொருள் இயக்க முறைமையையும் சேர்த்து வீழ்த்தியது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றுபோனதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் பறக்கவில்லை, மருத்துவமனைப் பணிகள் தடைப்பட்டன. தவறான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் விழுந்த கணிப்பொறிகள் பலவற்றை ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. கோப்புகளைச் சரிபார்க்க வைத்திருந்த நிரலிலேயே ஒரு குறை இருந்ததால் பிழை தப்பிவிட்டது.

அப்படியானால், அனுப்புவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே ஓட்டுவது?

மெய்நிகர் கணிப்பொறி

ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணிப்பொறியே மெய்நிகர் கணிப்பொறி ஆகும். இதனை உருவாக்கி மேற்பார்வை செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். வெளியில் இருப்பதைத் தாய்க் கணிப்பொறி என்றும், உள்ளே இருப்பதை உள்கணிப்பொறி என்றும் அழைப்போம். உள்கணிப்பொறிக்கு வட்டாகத் தோன்றுவது தாய்க் கணிப்பொறியில் வெறும் ஒரு கோப்பு. உள்கணிப்பொறியின் சாதாரணக் கட்டளைகளை உண்மைச் செயலியே நேரடியாக நிறைவேற்றுகிறது. தனி உரிமை தேவைப்படும் கட்டளை வரும்போது மட்டும் ஹைப்பர்வைசர் குறுக்கிட்டு, அதற்குரியதைத் தானே செய்து கொடுக்கிறது.

இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இல் தன் பெரிய கணிப்பொறிகளுக்கு வி.எம்./370 என்னும் அமைப்பை அறிவித்தது. 1974-இல் போபெக், கோல்ட்பெர்க் என்னும் இருவர் இதற்கான நிபந்தனைகளை வகுத்துக் காட்டினர். 1999-இல் வி.எம்.வேர் நிறுவனத்தின் மென்பொருள் இதனை மேசைக் கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தது.

அதே தொடக்க நிலை

ஊசல் ஆய்வில் குண்டை ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்திலிருந்து விடுகிறோம். தொடக்க நிலை மாறினால் இரு அளவீடுகளை ஒப்பிட முடியாது. கணிப்பொறிச் சோதனைக்கும் இதே விதிதான். ஒருமுறை மென்பொருளை ஏற்றியபின் அது பழைய கணிப்பொறி அன்று.

மெய்நிகர் கணிப்பொறியில் இக்குறையை ஸ்நாப்ஷாட் என்னும் வசதி தீர்க்கிறது. நிலப்படத்தின்மேல் கண்ணாடித்தாளை விரித்து, கோடுகளைத் தாளில் மட்டும் வரைவதை நினைத்துக்கொள்ளுங்கள். தாளை எடுத்துவிட்டால் படம் பழையபடியே இருக்கும். அதுபோல, ஸ்நாப்ஷாட் எடுத்தபின் மூல வட்டுக்கோப்பு தொடப்படுவதில்லை. மாற்றங்கள் வேறொரு கோப்பில் எழுதப்படுகின்றன. அதை நீக்கினால் சில விநாடிகளில் தொடக்க நிலை திரும்பிவிடும்.

சோதிக்கும் முறை

1. தனித்த மெய்நிகர் வலைப்பின்னலில் ஒரு வெற்று உள்கணிப்பொறியை அமைக்கவும். தானியங்கு நிறுவல் கேட்காமலே வட்டை அழிக்கக்கூடியது. வெளி வலைப்பின்னலோடு இணைந்திருந்தால் வேறொருவரின் கணிப்பொறிக்கும் கேடு வரலாம்.

2. வெற்று நிலையில் ஸ்நாப்ஷாட் எடுத்து, நிறுவலைத் தொடங்கவும். கை படக்கூடாது. ஒரு கேள்விக்குக் கையால் பதிலளிக்க நேர்ந்தாலும் விடைக்கோப்பில் குறை உள்ளது என்று பொருள்.

3. மறுதொடக்கம் செய்து, எல்லா மென்பொருள்களும் திறக்கின்றனவா என்பதை ஒரு நிரலைக் கொண்டு சரிபார்க்கவும்.

4. மென்பொருள்களை ஏற்றும் நிரலை இரண்டாம் முறையும் ஓட்டவும். எதுவும் மாறக்கூடாது. ஒரு கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்க்கும் கட்டளை, இரண்டாம் முறை அதே வரியை மீண்டும் சேர்த்துவிடும். வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பதே முறை.

5. தொடக்க நிலைக்குத் திரும்பி மீண்டும் நிறுவவும். இம்முறை பாதியில் மின்சாரத்தை நிறுத்தவும். மெய்நிகர் கணிப்பொறியில் இதற்கு ஒரு பொத்தான் போதும்.

எத்தனை முறை?

தொடக்க நிலை ஒன்றாக இருந்தும் சில பிழைகள் எப்போதாவதுதான் தலைகாட்டும். வலைப்பின்னல் சற்றுத் தாமதித்தால் மட்டும் தோன்றும் பிழை அத்தகையது. பத்தில் ஒருமுறை வரும் பிழை ஒரு சோதனையில் தப்பிக்கும் வாய்ப்பு 0.9. பத்துச் சோதனைகளிலும் தப்பிக்கும் வாய்ப்பு 0.9-இன் பத்தாம் அடுக்கு, அதாவது சுமார் 0.35. முப்பது முறை சோதித்தால் அது சுமார் 0.04 ஆகக் குறைகிறது. இதைக் கண்டுபிடிக்காமல் 40 கணிப்பொறிகளுக்கு அனுப்பினால், சராசரியாக 4 கணிப்பொறிகள் பழுதாகும். இரவு முழுவதும் தானாகவே நிறுவி, சரிபார்த்து, மீண்டும் தொடங்கும்படி அமைத்துவிட்டால் முப்பது முறை என்பது பெரிய வேலையன்று.

ஓர் எல்லை

மெய்நிகர் கணிப்பொறியில் உள்ள வலைப்பின்னல் அட்டையும் திரை அட்டையும் மென்பொருளின் பாவனைகளே. உங்கள் பள்ளிக்கு வந்த கணிப்பொறியில் உள்ள அட்டை வேறாக இருக்கலாம். அதை இயக்கும் நிரல் விடைக்கோப்பில் இல்லாமலும் போகலாம். ஆகையால் மெய்நிகர் சோதனையில் தேறியதை முதலில் ஓர் உண்மையான கணிப்பொறியிலும், பிறகு நான்கிலும், கடைசியாக நாற்பதிலும் நிறுவுவதே அறிவுடைமை. 2024-இன் விபத்துக்குப் பின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் அத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறையைக் கைக்கொண்டது.

பயிற்சி

1. ஆசிரியரின் அனுமதியுடன் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஓர் உள்கணிப்பொறியை அமைத்து ஸ்நாப்ஷாட் எடுங்கள். அதிலுள்ள ஒரு கோப்பை அழித்துவிட்டு, பழைய நிலைக்குத் திரும்புங்கள். கோப்பு மீண்டும் கிடைக்கிறதா?

2. இருபதில் ஒருமுறை வரும் பிழை, இருபது சோதனைகளிலும் தப்பிக்கும் வாய்ப்பு என்ன?

(விடை 2: சுமார் 0.36)